இஞ்சாருங்கோ என்றொரு பெயர்

கியூபெக்கின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் கார் ஜாக்கை வைத்து இடியப்பம் பிழிந்த முதல் மனிதன் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு கிரேக்கனின் உணவகத்தில் கோப்பை கழுவியவன். போன்ஜூர், மெர்சி என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களை வைத்துக்கொண்டு கடை திறந்தவன். கடைக்குப் பின்னால் சமையற்கூடம் கட்டினேன், அதற்கு மேலே மண்டபம் கட்டினேன். இந்த நகரத்துத் தமிழ்ப் பெட்டைகளில் எத்தனை பேருக்கு அந்த மண்டபத்தில் மஞ்சள் நீராட்டிச் சாமத்தியவீடு நடந்தது என்று அவர்களுடைய தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். டொலார்ட் புறநகரில் வீடு வாங்கினேன். பனிக்காலத்தில் வெடித்த தண்ணீர்க் குழாயை நானே ஒட்டினேன், இன்றுவரை சொட்டவில்லை. மகளைச் சரித்திரம் படிக்க வைத்தேன், அவள் எழுத்தாளர் ஆனாள். ஆகவே அவளையும் நான் கட்டியவற்றில் சேர்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் லொங்குய்யில் ஒரு நூலகத்தில் அவளுடைய நாவல் வெளியீடு. பிரெஞ்சில் எழுதியிருக்கிறாள். விக்டோரியா மகாராணி காலத்து யாழ்ப்பாணத்தில், மிஷன் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி வாழ்ந்த கதையாம். மகள் மேடையில் நின்று வாசித்தாள். எனக்கு அது கூரையில் விழும் மழை மாதிரித்தான் கேட்டது. வெள்ளைக்காரர்கள் தலையாட்டிய இடத்தில் நானும் ஆட்டினேன். அப்போது அந்த மழைக்குள் ஒரு சொல் கல் விழுந்தது போல விழுந்தது. இஞ்சாருங்கோ.

நான் கதிரையில் நிமிர்ந்தேன். அது என்னுடைய சொல். சொல்கிறேன் கேளுங்கள்.

எனக்கு அப்போது ஆறு வயது. நான் பேசப் பழகுமுன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவும் நானும் அப்பாவின் மூத்த மாமியின் வீட்டில் ஒதுங்கியிருந்தோம். பெரியமாமி என்றுதான் எல்லாரும் அவவைச் சொல்லுவோம். எழுபது வயது, கலியாணம் செய்யாதவ. அவவோடு அதே வயதில் ஒரு தையல் ரீச்சரும் அந்த வீட்டில் இருந்தா. மகாராணி காலத்தில் இரண்டு பேரும் ஒரே மிஷன் விடுதியில் படித்த பெட்டைகள். படித்து முடித்ததும் ரீச்சர் ஒரு கை மெசினையும் ஒரு தகரப் பெட்டியையும் கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாவாம். போகவில்லை. வந்த சம்பந்தங்களுக்கெல்லாம் இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

விறாந்தைச் சுவரில் மகாராணியின் படம் தொங்கியது. முக்காடு போட்ட அந்தக் குண்டு மனுசியையும் எங்கள் சொந்தக்காரி என்றே நான் நினைத்திருந்தேன்.

ரீச்சருக்குக் கண் மங்கிவிட்டது. ஆனால் தைப்பதை விடமாட்டா. அதனால் பெரியமாமி காலையில் எழும்பினதும் முதல் வேலையாக ஊசிகளுக்கு நூல் கோத்து, பஞ்சுத் தலையணையில் வரிசையாகக் குத்தி வைப்பா. ரீச்சர் ஒருநாளும் கேட்கவேண்டி வந்ததில்லை. வைத்து முடிந்ததும் பெரியமாமி உள்ளே பார்த்து மெல்லக் கூப்பிடுவா: "இஞ்சாருங்கோ, ஊசி கோத்தாச்சு."

யாழ்ப்பாணத்தில் பெண்சாதி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டா. இஞ்சாருங்கோ என்பா. இங்கே பாருங்கள் என்பதுதான் அதன் அர்த்தம், ஆனால் அது ஊருக்கெல்லாம் சொல்லுகிற சொல் அல்ல. வெளியாட்கள் இருந்தால் பெரியமாமியும் 'ரீச்சர்' என்றுதான் சொல்லுவா. நான் வெளியாள் இல்லை, பூனைக்குட்டி மாதிரி காலுக்குள் திரிகிறவன். எங்கள் வீட்டில் புருஷன் பெண்சாதி என்று யாரும் இல்லாததால் எனக்கு அந்தச் சொல்லின் சங்கதி தெரியாது. தையல் ரீச்சரின் பெயர் இஞ்சாருங்கோ என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ரீச்சர் என்பது உத்தியோகம், இஞ்சாருங்கோ என்பது பெயர். சரியான கணக்குத்தானே?

ஒருநாள் காலையில் பெரியமாமியின் தம்பி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். மலாயாவில் பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். கூடவே அவருடைய மனைவி. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கவும் நேரம் கொடுக்கவில்லை.

"அக்கா, சாமானைக் கட்டுங்கோ. இனி நீங்கள் எங்களோடைதான்."

பெரியமாமி கையிலிருந்த ஊசியை விடவில்லை. "ஏன் தம்பி, எனக்கு இஞ்சை என்ன குறை?"

"வயது போன காலத்திலை ஒரு பிறத்தியோடையோ இருக்கிறது? அவவை அவவின்ரை ஆக்கள் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். நான் சொல்லி அனுப்பியிருக்கிறன்."

ரீச்சர் மெசினுக்குப் பின்னால் இருந்தா. சக்கரத்தில் வைத்த கை அப்படியே நின்றது. அவவின் ஆட்கள் என்று சொல்ல மட்டக்களப்பில் கூடப்பிறந்தவளின் பிள்ளை, ஒரு பெறாமகன் மட்டும்தான், அவனுடைய முகத்தையே அவ கண்டதில்லை. பெரியமாமி எதிர்த்துப் பேசத் தெரியாதவ அல்ல, ஊரில் அவவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. அன்றைக்கு அவ ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. நூல் ஊசிக் கண்ணுக்குள் போகாமல் விலகி விலகிப் போனது.

தம்பியார் குரலை உயர்த்தினார்.

"சனம் என்னட்டையெல்லே கேக்குது! நான் என்ன மறுமொழி சொல்லுறது? நீங்களே சொல்லுங்கோ அக்கா, அவ உங்களுக்கு ஆர்?"

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. மலாயாவெல்லாம் பார்த்துவந்த பெரிய மனிசனுக்கு இவ்வளவு சின்ன விசயம் தெரியவில்லை. தெரிந்தவர்களும் சொல்லாமல் இருக்கிறார்கள். நான் விறாந்தை நடுவில் போய் நின்று, பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லுவது போலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"அவ இஞ்சாருங்கோ. பெரியமாமி அப்பிடித்தான் கூப்பிடுறவ. உங்களுக்குத் தெரியாதே?"

மகாராணியின் படத்துக்குப் பின்னால் பல்லி ஓடியது எனக்குக் கேட்டது. தம்பியார் என்னைப் பார்த்தார், தமக்கையைப் பார்த்தார், பிறகு பார்க்க வேறு இடம் இல்லாமல் மகாராணியைப் பார்த்தார். பெரியமாமியின் முகம் கழுத்துவரை சிவந்தது. ரீச்சர் குனிந்தவ நிமிரவில்லை.

தம்பியாரின் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. முதலில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. சிரிக்கிறா என்று நினைத்தேன். பிறகு எழும்பி மெசினடிக்குப் போய், ரீச்சரின் தோளில் கையை வைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னா.

"இஞ்சாருங்கோ, வெயில் ஏறுது. எழும்புங்கோ, போவம்."

நான் திடுக்கிட்டுப் போனேன். இவருக்கும் அதே பெயரா!

"என்னப்பா நீர் கதைக்கிறீர்? சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"சின்னன் சொன்னதைத்தான். கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு, மறுமொழியும் வந்திட்டுது. எழும்புங்கோ."

அவர் எழும்பினார். வண்டி ஒழுங்கையால் திரும்பும்வரை பெரியமாமி பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு வந்து இருந்து, ஒரே தரத்தில் நூலைக் கோத்தா. முற்றம் முழுக்க, அடுத்த வளவு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னா:

"இஞ்சாருங்கோ, ஊசி கோத்தாச்சு!"

"ஓம்," என்றா ரீச்சர்.

அன்றைக்கு எனக்கு விளங்காதது ஒன்று இருந்தது. அம்மா அடுப்படி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றா. ஏன் என்று கேட்டேன். புகை என்றா. அடுப்பு மூட்டியே இருக்கவில்லை.

எனக்குக் கலியாணமாகி மூன்றாம் நாள் அடுப்படியிலிருந்து "இஞ்சாருங்கோ" என்று ஒரு குரல் வந்தது. தையல் ரீச்சர் எங்கே வந்தா என்று நான் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு முப்பத்தைந்து வருடம் எங்கள் வீட்டில் ஓடியது. மனைவி போனபிறகுதான் அம்மாவின் அந்தப் புகை என் கண்ணுக்கும் வந்தது. அந்தச் சொல்லை யாரைப் பார்த்துச் சொல்லுவது என்று ஆளில்லாமல் நின்றவ அம்மா. கேட்கக் காதிருந்தும் சொல்லுகிறவ இல்லாமல் இருக்கிறவன் நான்.

மகள் லொங்குய்யில் ஒரு கியூபெக்காரப் பெட்டையோடு இருக்கிறாள். மண்டபத்தில் ஒரு கலியாணத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து வந்தபோது எங்கள் ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அண்ணை, அந்த வெள்ளைப்பிள்ளை உங்கடை மகளுக்கு ஆர்?" என்று கேட்டார்கள். ஆறு வயதில் சொன்ன மறுமொழியையே சொன்னேன். கையை மட்டும் கட்டவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். நாவலின் கடைசிப் பக்கத்தில் மகள் நன்றி சொல்லியிருக்கிறாள். பேராசிரியர்களுக்கு, பழைய கடதாசிகளைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு. எல்லாருக்கும் கீழே, 'ஊக்கம் தந்த அப்பாவுக்கு' என்று இருக்கிறதாம். ஊக்கத்தைக் கடையில் சோடா வாங்கித் தருகிறவனும் தருவான். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எந்தக் கடதாசியிலும் இல்லை, நான் மகளுக்குச் சொல்லும்வரை அது என் ஒருவனின் காதில் மட்டும்தான் இருந்தது. அவர்களைப் பிரிக்க வந்த வண்டியைத் திருப்பி அனுப்பியவனும் நான்தான். ஆகவே அடுத்த பதிப்பில் என் பெயரை முதலில், பெரிய எழுத்தில் போடவேண்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயர் வேண்டாம் மகள். உன் அம்மா என்னைக் கூப்பிட்ட பெயரைப் போடு.