எழுபத்திரண்டு கிலோவும் ஒரு தோளும்

கணக்கு டீச்சர் நாற்பத்தெட்டு வயதில் ஜிம்மில் சேர்ந்ததற்குக் காரணம் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டாவது மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது. காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலறைக்கு, மறுபடி நாற்காலிக்கு என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது அவரைத் தூக்கி மாற்ற வேண்டும். உதவிக்கு வந்த ஆள் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டான். ஒரே மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜிம் மாஸ்டர் முதல் நாள், "எத்தனை கிலோ குறைக்கணும் மேடம்?" என்று கேட்டார்.

"குறைக்க வரல மாஸ்டர். தூக்க வந்திருக்கேன். எழுபத்திரண்டு கிலோ."

மாஸ்டர் சிரித்தார். ஆனால் ஒன்றரை வருடத்தில் அவள் தரையிலிருந்து எண்பது கிலோ தூக்கியபோது அவர்தான் முதலில் கைதட்டினார். வீட்டில் கணவர் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வார், அவள் முழங்காலை மடக்கி ஒரே மூச்சில் தூக்கிவிடுவாள்.

வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. டம்பெல்லைத் தலைக்கு மேல் உயர்த்தும்போது வலது தோளுக்குள் யாரோ ஊசியால் குத்தியது போல் இருந்தது. சுளுக்கு என்று நினைத்தாள். வாரம் மூன்று ஓடியும் போகவில்லை. கரும்பலகையின் மேல் வரிக்குக் கை எட்டவில்லை. ரவிக்கைக்குள் கை நுழைக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

ஆசிரியர் அறையில் சயின்ஸ் டீச்சர் சும்மா இருக்காமல், "என் நாத்தனாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அப்புறம் தோளே இறுகிப்போச்சு. ரெண்டு வருஷம் தலை வாரக்கூட முடியல" என்றாள்.

டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷம்! அதுவரை அவரை யார் தூக்குவது?

மாஸ்டரிடம் மெல்லச் சொன்னாள். "ரெண்டு மாசம் ஜிம் பக்கமே வராதீங்க, முழு ரெஸ்ட்" என்றார் அவர். ஜிம்முக்கு ரெஸ்ட் கொடுக்கலாம், வீட்டில் எழுபத்திரண்டு கிலோவுக்கு யார் ரெஸ்ட் கொடுப்பார்கள்? பயிற்சியை விட்டால் பலம் போய்விடும். விடாவிட்டால் தோள் போய்விடும். வகுப்பில் கணக்குப் போடும்போதுகூட மனம் இந்த இரண்டுக்கும் நடுவே அல்லாடியது. மறுநாள் மாஸ்டரிடம், "இப்போ பரவாயில்ல" என்று பொய் சொல்லிவிட்டு அதே எடையைத் தூக்கினாள். வலி மாத்திரையை டிபன் பாக்ஸ் பையில் ஒளித்துவைத்தாள். கணவரிடம் மூச்சுவிடவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலை, அவரை நாற்காலிக்கு மாற்றும்போது பாதி வழியில் அவள் வலது கை சட்டென்று தளர்ந்துவிட்டது. அவர் சரிந்தார். அவள் தன் முழங்காலை முட்டுக்கொடுத்ததால் தலை அடிபடவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அடிபட்டுச்சா? சொல்லுங்க, எங்கயாவது வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் தோளு எப்படி இருக்கு?"

அவள் திகைத்தாள். "தோளா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் கழுத்தைத்தானே தினமும் கட்டிப்பிடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ மூச்சைப் பிடிக்கிறது என் காதுலதான் கேக்குது."

பக்கத்து வீட்டு டெய்லரும் அவர் மனைவியும் ஓடிவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். அவர்கள் போன பிறகு டீச்சர் மேசையைத் துடைத்தாள். முந்தைய நாள் காலையில் அவருக்காக நிரப்பிவைத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது.

"ஏன் குடிக்கல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "குடிச்சா பாத்ரூம் போகணும். போனா நீ தூக்கணும்."

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"ஒரு வாரம் இருக்கும்."

தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அன்றே பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, டெய்லர் உதவியோடு அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்று மட்டும் இருந்தது, மருந்திலேயே சரியாகிவிடும் என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

விபத்துக்குப் பிறகு அவருக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மாவிடம் அன்று தன் தோளைக் காட்டினாள். இத்தனை நாள் அங்கே போகாததற்குக் காரணமே, அவளும் நிறுத்தச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

பிசியோ கையைப் பல பக்கம் திருப்பிப் பார்த்தாள். "கிழியல. இறுகவும் இல்ல. தோள்ல இருக்கிற தசைநார் கோவிச்சுக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். ஜிம்மை விட வேணாம்."

"விட வேணாமா?"

"தலைக்கு மேல தூக்குறதை மட்டும் கொஞ்ச நாள் விடுங்க. காலு, முதுகுக்குச் செய்யறதை வலிக்காத எடையில செய்ங்க. ரப்பர் பட்டை தரேன், தோளுக்குத் தினமும் இழுங்க. வலிக்குப் பத்துக்கு மார்க் போட்டா, மூணுக்குள்ள இருந்தா செய்யலாம். மறுநாள் காலைல கூடியிருந்தா எடையைக் குறைங்க. முக்கியமா, இவரை இனிமே தூக்காதீங்க, நகர்த்துங்க." பிறகு அவர் பக்கம் திரும்பி அதட்டினாள். "உங்க கைக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கு? மாலை மாதிரி அவங்க கழுத்துல தொங்கிட்டிருந்தா எப்படி?"

அவர் அசடு வழிந்தார்.

கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வைத்து அதன் மேல் சறுக்கி மாற, வழுவழுப்பான ஒரு பலகை வாங்கினார்கள். முதல் வாரம் அவரால் கையூன்றி ஒரு சாண்கூட நகர முடியவில்லை, அவள்தான் பலகை மேல் இழுத்து நகர்த்தினாள். வேலையே கொடுக்காததில் அவர் கைகள் குச்சியாகியிருந்தன. அவள் ரப்பர் பட்டை இழுக்கும்போது அவரும் ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தார். ஜிம்மில் அவள் உண்மையை ஒப்புக்கொண்டாள். மாஸ்டர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் எடைத் தட்டுகளைத் தானே கழற்றிக் குறைத்தார்.

எண்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது அவளுக்கு அவமானமாக இருந்தது. தினமும் காலையில் கண் விழித்ததும் அசையாமல் கிடந்து தோள் வலிக்கு மார்க் போடுவாள். நாலு என்றால் அன்று முழுக்கக் கலக்கம். இரண்டு என்றால் நம்பப் பயம். ஒன்பதாவது வாரம் ஒரு காலை, அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அறையில் தட் என்று சத்தம் கேட்டது. பிரஷ்ஷோடு ஓடினாள்.

அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தனியாகவே மாறியிருந்தார். கீழே விழுந்தது பலகை மட்டும்தான்.

"பிரேக் போட்டீங்களா?" என்றுதான் அவளுக்குக் கேட்க வந்தது.

"போட்டேன், போட்டேன்."

நுரை வழியும் வாயோடு அவள் குனிந்து இரண்டு சக்கரத்து பிரேக்கையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.