காணிக்கைப் பாட்டும் ஒரு பொத்தானும்

என் பதிப்பகம் எங்கள் சாப்பாட்டு மேசைதான். பூசையில் காணிக்கை ஏந்திப் போகும்போது பாட நானே மெட்டமைத்த காணிக்கைப் பாட்டு ஒன்றை, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு கணினியில் இசைத்தாளாக ஏற்றினேன். டத்தோ கிராமாட்டில் வீட்டுக்குப் பக்கத்துப் போட்டோஸ்டேட் கடையில் பிரதி எடுத்து, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி வேலை முடிந்து வந்த கையோடு மடித்து ஸ்டேப்ளர் அடிப்பேன். அட்டையில் 'வெளியீடு: ஆசிரியர்' என்று போட்டிருந்தேன். அதைப் படித்த மனைவி, "ஆசிரியரே, மேசையைக் காலி பண்ணுங்க, சோறு வைக்கணும்" என்றாள்.

முதல் பிரதியை மாதா சுரூபத்தின் முன் வைத்து ஜெபித்தேன்.

"மாதாவுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியுமாங்க?" என்று கேட்டாள் மனைவி.

தெரியாமலா இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கோயிலின் பாடகர் குழுவை நடத்தும் அக்கா, வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுக் குழு முழுமைக்கும் பிரதி கேட்டார். பங்குத் திருவிழாப் பூசையில் பாடுவார்களாம். அதுவரை என் பாட்டு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் ஒத்திகைக்கு எங்களையும் அழைத்தார். மனைவி கார் ஓட்ட, கடல் பாலம் முழுக்க நான் ஜெபமாலை உருட்டிக்கொண்டு போனேன்.

கீபோர்டு வாசித்தவர் ஒரு டீச்சர். தாளில் இருந்ததை அப்படியே வாசித்தார். மெட்டு கீழே இறங்குகிற இடத்தில் பெண்களின் குரல் காணாமல் போனது. ஆண்கள் மட்டும் தரையோடு தரையாக உறுமினார்கள். திரும்பப் பாடியும் அதே உறுமல்தான்.

அக்கா என்னிடம் வந்து தணிந்த குரலில், "தம்பி, நாளைக்குப் பூசை. இப்ப சரியா வரலன்னா பழைய பாட்டையே பாடிடுவோம்லா. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

தாளை எத்தனை தரம் பார்த்தாலும் பிழை தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து மனைவி கேட்டாள்: "என்னங்க, வீட்டுக் கீபோர்டுல அந்தப் பொத்தானை அமுக்காம என்னிக்காவது வாசிச்சிருக்கீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் வாசிக்க வரும். சுருதியை ஏற்ற வேண்டுமென்றால் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறதே; அமுக்கினால் அதே கட்டைகள் மேல் சுருதியில் ஒலிக்கும். எங்கள் வீட்டுக் கீபோர்டில் அது மனைவியின் குரலுக்காக எப்போதும் ஏற்றியே கிடக்கும். பாட்டை எழுதும்போது நான் விரல் பட்ட கட்டைகளை எழுதியிருக்கிறேன், காதில் விழுந்த சுருதியை அல்ல.

டீச்சர் சிரிக்கவில்லை. தம் கீபோர்டிலும் அதே பொத்தானைத் தேடினார். எவ்வளவு ஏற்றுவது என்று கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள் "அஞ்சு" என்றாள் மனைவி. பெண்களின் குரல் மேலெழுந்து வந்தது. அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நாளைக்கு இதுதான்" என்றார்.

மறுநாள் காணிக்கை ஏந்திப் போனவர்களோடு என் பாட்டும் பீடம்வரை போனது. என் கண்கள் கலங்கின. மனைவி கைக்குட்டையை நீட்டினாள்.

வீடு திரும்பியதும், மிச்சப் பிரதிகளை ஒதுக்கிவிட்டுச் சரியான சுருதியில் புதிதாக அச்சடிக்கப்போவதாகச் சொன்னேன்.

"எதுக்கு? இதை வாங்குறவங்க பாதிப் பேரு உங்களை மாதிரி வெள்ளைக் கட்டை ஆளுங்கதான். மேல பேனாவால 'பொத்தான் அஞ்சு'ன்னு எழுதி விடுங்க."

உட்கார்ந்து எழுதினேன். கடைசியாக, மாதா முன்னால் இருந்த பிரதியையும் எடுக்கப் போனேன்.

"அதை விடுங்க. அவங்க அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றாள்.