பன்னிரண்டு மூட்டைக் கடுக்காய்

பாண்டிச்சேரிக்கு நாங்கள் கடல் பார்க்கப் போகவில்லை. சண்டை போடப் போனோம்.

என் மனைவியும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒன்பது பேரும் காட்டில் பொறுக்கிக் காயவைத்த கடுக்காய், பன்னிரண்டு மூட்டை, அங்கே ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்குப் போயிருந்தது. அந்தக் காலத்து வீடுகளுக்குச் சிமெண்ட் ஒத்துவராதாம். சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துத்தான் பூச வேண்டுமாம். ஒரு மாதம் கழித்து அந்த வேலையைப் பார்க்கும் மேஸ்திரி போன் செய்தார்.

"காயில சாரமே இல்லம்மா. பூச்சு உதிருது. மூட்டைய திருப்பி அனுப்பிடறேன்."

விற்றுத் தருகிறேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவள் இவள். மூட்டை திரும்பி வந்தால் அந்த ஒன்பது பேர் முகத்தில் எப்படி விழிப்பாள்? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நீங்க வர்றீங்களா, நான் மட்டும் போய்ட்டு வரட்டா?"

நான் பள்ளிக்கூட வாத்தியார். நல்லவேளை, காலாண்டு லீவு. மலைமேல் ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அந்த மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன்.

பாண்டியில் வெயில் சுள்ளென்று அடித்தது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் மஞ்சள் சுவர்களும், இரண்டு ஆள் உயரக் கதவுகளும், மதிலுக்கு மேல் காகிதப்பூவுமாக வரிசையாகப் பழைய வீடுகள். எங்கள் கடுக்காய் போன வீட்டு வாசலில் வாட்ச்மேன் கேட்டார்: "எந்த ஊரு?"

நான் முந்திக்கொண்டு, "திருவண்ணாமலை" என்றேன். மலையைவிட்டுக் கீழே இறங்கிவிட்டால் இருபது வருடமாக அதுதான் என் ஊர். மலை என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், எதற்கு வம்பு? மனைவி என்னை முறைத்தாள்.

மேஸ்திரி முற்றத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பெரிய டிரம்மில் கடுக்காய் ஊறிக்கொண்டிருந்தது. இவள் கையைவிட்டு ஒன்றை எடுத்தாள். உடைக்காத முழுக் காய்.

"இன்னா மேஸ்திரி, அப்படியே போட்டு வெச்சிருக்கீங்க?"

"புது ஆளுங்கம்மா. ஊறுனா சாரம் எறங்கிடும்னு..."

"எங்க எறங்கும்? சாரம் தோல்லதான் கீது. கொட்டைய எடுத்துட்டுத் தோல இடிச்சுப் போடணும்."

ஒரு காயை உடைத்துத் தோலில் ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள். "வாயில போடுங்க." போட்டார். முகம் அஷ்டகோணலானது.

"துவர்க்குதா?"

தலையை மட்டும் ஆட்டினார். நாக்கு புரளவில்லை. வந்த கோபமெல்லாம் மறந்து நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இவளே இடிக்க உட்கார்ந்தாள். மூன்று நாள் ஊறவைத்து, நான்காம் நாள் ஒரு சுவரில் பூசினார்கள். லாட்ஜில் தங்கினோம். கடல் தெருமுனையில் இருந்தது. கூப்பிட்டால், "சுவத்துல பூச்சு புடிக்கட்டும்" என்பாள். தனியாகப் போய் அலையைப் பார்த்தேன், சுண்டல் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பிவந்தேன்.

ஆறாம் நாள் காலை மேஸ்திரி கரண்டியால் சுவரைச் சுரண்டினார். பொடிகூட உதிரவில்லை. "கெட்டியா புடிச்சிக்கிச்சும்மா. தப்பு எங்க மேலதான். மூட்டை எதுவும் திரும்பாது" என்றார். இவள் ஊருக்குப் போன் போட்டாள். "நம்ம காய் நல்ல காய்தான்டி" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. இவளுக்கா நான் துணைக்கு வந்தேன்!

வெளியே வந்தபோது வாட்ச்மேன் எழுந்து கதவைத் திறந்தார். "திருவண்ணாமலைக்குத்தானே சார், கெளம்பிட்டீங்களா?"

"திருவண்ணாமலை இல்லீங்க. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "நாங்க ஜவ்வாது மலை. உள்ள அந்தச் சுவர்ல இருக்கிறது இவங்க பொறுக்குன காய்."

மனைவி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாங்க, இப்ப கடலப் பாக்கலாம்."