கியோட்டோவில் சாக்ஸோடு நின்றோம்

கியோட்டோவில் ஒரு கோயில் வாசலில், ஷூவைக் கழற்றிப் போட்டுக் கையோடு உள்ளே எடுத்துப்போக பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். வாங்கப்போன கணவரைத் தடுத்தேன்.

"கோயிலுக்குள்ள செருப்பைத் தூக்கிண்டு போறதா?"

மயிலாப்பூர் பழக்கம். வாசலிலேயே விட்டோம்.

உள்ளே ஒருவழிப் பாதை. வெளியேறும் வழி பின்பக்கம் என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. வெளியே கொட்டும் மழை. மற்றவர்கள் பையைப் பிரித்து ஷூ மாட்டிக்கொண்டு கிளம்ப, நாங்கள் சாக்ஸோடு நின்றோம்.

"நன்னா மாட்டிண்டோம்" என்றார் கணவர்.

அங்கே வேலை பார்க்கும் பெண் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு மழையில் ஓடினாள். எங்கள் ஷூக்களை மார்போடு அணைத்து, குடையை அவற்றுக்குப் பிடித்து, நனைந்தபடி திரும்பி வந்தாள். மண்டியிட்டு, நாங்கள் கால் நுழைக்க வசதியாகத் திருப்பி வைத்தாள்.

மயிலாப்பூர்க் கோயில் வாசலில் என் செருப்பைத் தேடும்போதெல்லாம், அடுத்தவர் செருப்பை நான் காலால்தான் தள்ளியிருக்கிறேன்.