எடைபோட்டுத் தேர்ந்த கிளட்ச்

என் காருக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதில் அதிகம் அடித்துத் திருத்திய பக்கங்கள், கிளட்ச் தேடி அலைந்த ஆறு வாரங்களுக்கானவை. இன்று எடுத்துப் படித்தாலும் எரிச்சல் வருகிறது.

எங்கள் வீட்டில் ஒரே கார். வார நாட்களில் மனைவி அதை எங்கள் ஊரான கோல சிலாங்கூரிலிருந்து ரவாங்கிலுள்ள தொழிற்சாலை அலுவலகத்துக்கு ஓட்டிப் போவாள். செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு மோட்டார்சைக்கிள் போதும். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் கார் என்னுடையது. பந்தயத் திடலில் கால் மைல் ஓடிக் காட்டும். அதற்காக இன்ஜினின் வலுவைக் கூட்டியிருந்தேன். பழைய கிளட்சால் தாங்க முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மனைவி வேலைக்குப் போகும் வழியில், அசாம் ஜாவா தாண்டி மூன்றாவது கியரில் இன்ஜின் அலறியது. கார் நகர்ந்தது என்னவோ மாட்டுவண்டி வேகத்தில்.

"எதை வேணும்னாலும் போடுங்க. ஆனா என்னால வேலைக்கு ஓட்ட முடியலைன்னா இந்தக் காரை வித்துட்டு ஆட்டோ கியர் ஒண்ணு வாங்கிடுவோம்" என்றாள் மனைவி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆட்டோ கியர் வந்தால் என் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

பிறகு ஆளாளுக்கு ஆலோசனை. மனைவியின் தம்பி, என் மச்சான், தன் காரின் கிளட்சில் செராமிக் தட்டு போட்டிருந்தான். "அதுதான் மச்சான் கிளட்ச். மத்ததெல்லாம் மார்க்கெட்டுக்குப் போற வண்டிக்கு" என்றான். எங்கள் ஃபோர்மன், அதாவது மெக்கானிக், சாதாரணத் தட்டையே போட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் கவரை மட்டும் கெட்டியாக மாற்றலாம் என்றார். "கால் கனக்குமா?" என்று யாரைக் கேட்டாலும், ஒருவர் "பட்டு மாதிரி இருக்கும்லா" என்பார், அடுத்தவர் "முட்டி போயிடும்லா" என்பார். ஒருவராவது ஓர் எண்ணைச் சொல்லக் கூடாதா?

நானே எண்ணைக் கண்டுபிடிக்கத் தீர்மானித்தேன். குளியலறையில் கிடந்த எடை இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். பூஜை முடிந்ததும் பையன்கள் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பது அங்கேதான். பெடல்மேல் இயந்திரத்தை வைத்து, அதன்மேல் காலை வைத்து மிதித்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து முள்ளைப் படித்தேன்.

"அண்ணே, கார் டயட்ல இருக்கா?"

"அப்படியே அர்ச்சனைத் தட்டையும் நிறுத்துப் பாருங்கண்ணே!"

நெற்றியில் பூசிய திருநீறு ஸ்டியரிங்கில் ஒட்டியதுதான் மிச்சம் என்று சொல்ல முடியாது. விடை கிடைத்தது. மச்சானின் செராமிக் பதினொரு கிலோ. ஃபோர்மன் சொன்ன வகை போட்டிருந்த கார் பதினாறு. கனம் தட்டில் இல்லை, கவரில்தான் என்பது விளங்கியது. குறிப்பேட்டில் பதினொன்றின் கீழ் இரண்டு கோடு போட்டேன். மனைவியின் காலுக்கும் நல்லது, திடலுக்கும் நல்லது. மறுநாளே செராமிக்குக்குச் சொல்லிவிட இருந்தேன்.

"வாங்குறதுக்கு முன்னால ஒருவாட்டி ஓட்டிப் பாக்குறேன்" என்றாள் அவள்.

ஞாயிறு காலை மச்சானின் காரை அவள் ஓட்ட, மூவரும் பாசிர் பெனம்பாங்குக்கு இறால் வாங்கப் போனோம். திரும்பும்போது பாலத்தில் வழக்கமான நெரிசல். ஊர்ந்து நகர வேண்டிய இடம். செராமிக்குக்கு ஊரத் தெரியாது. விட்டால் பாயும், பிடித்தால் உதறும். ஏழாவது உதறலில் இறால் பை கவிழ்ந்து ஐஸ் தண்ணீர் முழுக்க என் மடியில்.

"அக்கா, காலை மெதுவா எடு!"

"நீ வாயை மூடு. முன்னால போற காரை இடிக்காம இருக்கேனே, அதுக்குச் சந்தோஷப்படு." பிறகு என்னைப் பார்த்தாள். "இதுல தினமும் ரவாங் நெரிசலுக்குப் போகணுமா? கனமா இருந்தா மிதிச்சுக்குவேங்க. இது சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குதே."

எடையை அளந்தேன், உதறலை அளக்கத் தோன்றவே இல்லை. பதினொன்றை அடித்துவிட்டுப் பதினாறை வாங்கினேன். பொருத்திய ஃபோர்மன், முதல் ஆயிரம் கிலோமீட்டர் நெரிசலில் பதமாக ஓட்ட வேண்டும் என்றார். அதை அவள் ரவாங்கில் ஓட்டி முடித்தாள். முதல் வாரம் மட்டும் இடது கெண்டைக்காலில் தைலம் தேய்த்தாள். அதுவும் நான் பார்க்கும்படி.

பிறகு வந்த திடல் ஞாயிற்றில் இரண்டு ஓட்டம் ஓடினேன். முன்பைவிட நல்ல நேரம். மச்சானைவிடக் குறைவான வேகம். இரண்டாவது முடிந்ததும் கிளட்சிலிருந்து கருகல் வாசனை லேசாக வந்தது.

"இன்னொண்ணு போங்க மச்சான். பயமா?" மச்சான் பானெட்டைத் தட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கியரை நியூட்ரலில் போட்டு இன்ஜினை அணைத்தேன்.

"நாளைக்குத் திங்கள்டா" என்றேன்.