பீலியில் விட்ட வெள்ளைத் தவளை

மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீர் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒரு குழாய் வழியாகக் கொட்டும். அந்த இடத்தைப் பீலி என்போம். குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். போன மாதம் தவளைகளை ஆராய்கிற ஒரு சிங்களப் பெண் அங்கே வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. லயத்தில் சிங்களம் சரளமாகப் பேசுகிறவள் நான், போதாக்குறைக்கு விஞ்ஞான டீச்சர். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். பெருமையாகத்தான் போனேன்.

வெளிநாடுகளில் தோலில் பூஞ்சை நோய் பிடித்து, ஓடை ஓடையாகத் தவளைகள் அழிந்துவிட்டன என்றாள். வளர்ப்பதற்காக விற்கிற தவளைகளோடு அந்த நோய் நாடு விட்டு நாடு போகிறதாம். அப்படி ஒன்றை வாங்கி இங்கே யாராவது ஓடையில் விட்டதுண்டா என்று கேட்கச் சொன்னாள்.

மகள் ஆசைப்பட்டாள் என்று கண்டியில் அலங்கார மீன் விற்கிற கடையில் ஒரு வெள்ளைத் தவளையை வாங்கி வந்தவள் நான்தான். கொஞ்ச நாளில் அது தீனி எடுக்கவில்லை. தோல் உரிந்து தண்ணீரில் நூல் நூலாக மிதந்தது. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிற நேரம். வீட்டில் செத்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று பீலிக்கு மேலே ஓடையில் கொண்டுபோய் விட்டேன். கேட்டவர்களிடம், பாவம், பிழைத்துப் போகட்டும் என்று சொன்னேன். பாவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தவளை தோலாலும் சுவாசிக்கும் என்று வருஷா வருஷம் படம் போட்டுப் பாடம் நடத்துகிற மகராசி நான்.

கேள்வியைத் தமிழில் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார். நான் தவளையை விட்டதை நேரில் பார்த்தவர். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நம்ம லயத்துல அப்படி யாரும் இல்லங்க டீச்சர். சொல்லிருங்க."

இல்லை என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். வாய் கூசவில்லை.

அந்தப் பெண் நம்பிவிட்டாள். ஓடையில் இறங்குமுன் தன் சப்பாத்துகளில் மருந்துத் தண்ணீரை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். அடியில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். வேறு ஓடைகளில் நடந்த கால், உங்கள் தவளைகளுக்கு எதையும் கொண்டுவந்துவிடக் கூடாதே என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் ஒன்றை விட்டேன், சீக்குத் தவளை என்று சொல்லிவிட்டேன்.

அவள் கை நின்றது. திட்டவில்லை. எந்த இடம், எப்போது என்று மட்டும் கேட்டாள். நோய் பரவியிருக்கிறதா என்று சோதித்தால்தான் தெரியும், பரவியிருந்தால் ஓடையிலிருந்து அதை எடுக்க வழியில்லை என்றாள்.

அக்காவுக்குச் சிங்களம் வராது. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"சொல்லிட்டீங்களா டீச்சர்?"

தலையாட்டினேன்.

"ஒங்க பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான நான் பொய் சொன்னேன். இப்ப அந்தப் புள்ள என்னைய என்னன்னு நெனைக்கும்?"

தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டாள்.

எனக்காகத்தான் பொய் சொன்னாராம் என்று நான்தான் சொன்னேன். அதைச் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை.