மற்றும் பலர்

என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய பெயரை, அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்தே நான் எடுத்துவிட்டேன். அச்சில் விட்டுப்போனது, இடம் போதவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் எல்லாம் பொய். படிவத்தில் பெயர்களுக்கென்று மூன்று வரி இடம் இருந்தது. முதல் வரியில் என் பெயரைப் போட்டேன். இரண்டாவது வரியில் 'மற்றும் பலர்' என்று போட்டேன். மூன்றாவது வரி காலியாகவே கிடந்தது. அந்தப் பலர் என்பது ஒரே ஒருவர்.

அதற்கு நான் தேடிய பரிகாரத்தைச் சொல்வதற்கு முன்னால், கருத்தரங்கு விஷயத்தில் நான் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தவறு ஏதோ ஒரு நாள் சபலம் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் பயிர் நோய்களைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்தியவன். அவனியாபுரத்தில் வீடு கட்டியபோது நல்ல தண்ணீர், தோதான மனை என்றெல்லாம் உறவினர்களிடம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், விமான நிலையம் பக்கம். முப்பது ஆண்டுகளில் கருத்தரங்கு நடந்த ஊர் எதையும் நான் விட்டுவைக்கவில்லை. அதனால் சில நுட்பங்கள் கைவந்திருந்தன. முதல் நாள் பதிவு மேசைக்குக் கூட்டம் சேரும் முன்பே போய்விட வேண்டும். பிந்தினால் ஜிப் வைத்த பை தீர்ந்து துணிப்பைதான் கிடைக்கும். துவக்க விழாவில் இரண்டாவது வரிசையில் உட்கார வேண்டும். முதல் வரிசை என்றால் யாராவது பிரமுகருக்காக எழுப்பிவிடுவார்கள். மூன்றாவது வரிசை புகைப்படத்தில் விழாது. கேள்வி நேரத்தில் எழுந்து, "இது கேள்வி அல்ல, ஒரு கருத்து" என்று ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் நம்முடையது. அதற்கு அந்தக் கட்டுரையைக் கேட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செல்பேசியைக் காதில் வைத்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். வீட்டில் ஏதோ அவசரம் என்று எல்லோரும் இரக்கப்படுவார்கள். வரிசையில் முதல் ஆள் நாம்.

பைகளை என் மனைவி காய்கறி வாங்கப் பயன்படுத்தினாள். 'நிலைத்த வேளாண்மைக்கான தேசியக் கருத்தரங்கு' என்று எழுதிய பையில் கத்திரிக்காய் வந்து இறங்கிய வீடு எங்கள் தெருவில் எங்களுடையது மட்டும்தான்.

"இம்புட்டு ஊருக்குப் போயிட்டு வந்ததுல உருப்படியா வந்தது இந்தப் பைதான்" என்பாள். "அதுலயும் பாதி ஜிப்பு சரியில்ல."

அந்த நாட்களில் என் துறையில் தற்காலிக உதவியாளராக ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள். ஆண்டுக்கு ஒரு முறை அவருடைய வேலையை நீட்டித்து ஓர் ஆணை வரும். அது வரும்வரை அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். சோழவந்தான் பக்கத்து ஊர். சொந்த நிலம் இல்லாத குடும்பம். அவருடைய அம்மா அடுத்தவர்களுடைய கொடிக்கால்களில், அதாவது வெற்றிலைத் தோட்டங்களில், கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். இவர் படித்து, பட்டம் வாங்கி, அதே கொடிக்கால்களுக்குள் நோட்டும் பென்சிலுமாகத் திரும்பிப் போனார். கொடிகள் ஏன் வாடிச் சாகின்றன என்று இரண்டு வருடம் பாத்தி பாத்தியாகக் கணக்கெடுத்தார். ஒரு கொடிக்காலில் பன்னிரண்டு பாத்தி. முதல் பாத்தியில் நோய் மிகக் குறைவு, பன்னிரண்டாவதில் மிக அதிகம், இடையில் படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறது. எழுதி என்னிடம் கொடுத்தார். 'நோய் தலையிலிருந்து கடைக்குக் கூடுகிறது' என்பதுதான் முடிவு வரி.

நான் அந்தக் கொடிக்காலுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், புகைப்படம் எடுக்க. கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரையும் விடமாட்டார்கள். அது அங்கே கோயில் மாதிரி. நானோ கயிறு கட்டும் ஷூ போட்டிருந்தேன். குனிந்து அவிழ்ப்பதற்குச் சோம்பல். "வாசல்லயே எடுத்துக்கலாம்" என்று சொல்லி, சாலையோரம் வாசலை அடைத்திருந்த மூங்கில் படலுக்குப் பக்கத்தில் நின்று, எட்டிய ஒரு வெற்றிலையைக் கவலையோடு பார்ப்பது போல ஒரு படம் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். வெற்றிலை நோய் நிபுணர் என்று என்னைக் காட்டிய படம் அதுதான்.

தமிழிலேயே கட்டுரை வாசிக்க வேண்டும் என்று ஒரு தேசியக் கருத்தரங்கு அறிவித்தார்கள். மலைப் பகுதியில் ஓர் ஊர், நல்ல குளிர், மூன்று நாள். எனக்கு அந்த ஆண்டு வாசிக்கக் கட்டுரை எதுவும் இல்லை. மேலே சொன்ன மூன்று வரி விவகாரம் அப்போது நடந்ததுதான். அதோடு விடாமல் அவருடைய மொழியையும் திருத்தினேன். 'தலை', 'கடை' என்பதெல்லாம் அறிவியல் நடையாக இல்லை என்று வெட்டிவிட்டு, 'வாசலிலிருந்து உட்புறமாக' என்று போட்டேன். எனக்குத் தெரிந்த முதல் பாத்தி வாசல் பாத்திதானே!

வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்தார். துரதிர்ஷ்டவசமாக அவர் கருத்துச் சொல்லவில்லை, கேள்வியே கேட்டார். "முதல் பாத்தியில் நோய் குறையக் காரணம் என்ன?"

"காற்றோட்டம்" என்றேன். யோசிக்கவே இல்லை. சாலையோரம் திறந்த வெளி, அதனால் காற்று, அதனால் ஈரம் குறைவு, அதனால் நோய் குறைவு. சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது. சிறந்த கட்டுரைக்கான கேடயத்தைக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்து கருத்தரங்கு மலரை உதவியாளரிடம் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், 'மற்றும் பலர்'னு போட்டுருக்கு?"

"அது நீதான்ப்பா."

தலையாட்டிவிட்டு மறுபடி படித்தார். "சார், காத்து இல்ல சார். தண்ணி. தலைன்னு நான் எழுதுனது தண்ணி நுழையுற மடை. வாசல் இருக்குறது கடையில. தண்ணியோடதான் நோயி பாத்திக்குப் பாத்தி எறங்கி வருது."

கொடிக்காலில் கால் வைத்தவனுக்கு 'தலை, கடை' என்ற இரண்டு சொல்லிலேயே காரணம் இருக்கிறது. அதனால்தான் அவர் அதைத் தனியாக எழுதவில்லை.

"கேடயமே குடுத்துட்டாங்கப்பா" என்றேன். இதைவிட நல்ல விஞ்ஞான மறுப்பு எனக்குத் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து நிரந்தர வேலைக்கு நேர்காணல் வந்தது. அவர் காத்திருந்தது அதற்குத்தான். தேசிய அளவில் கட்டுரை இருந்தால் அதற்குத் தனி மதிப்பெண். தேர்வுக் குழுவில் துறையின் சார்பாக நானும் உட்கார்ந்திருந்தேன். அவர் தேய்த்த சட்டையோடு வந்து, அந்த மலரைப் பிரித்து மேசையில் வைத்து, விரலால் காட்டினார்.

"இதுல 'மற்றும் பலர்'னு இருக்குல்ல சார், அது நான்தான்."

குழுத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பலர்ல நீங்க எத்தனாவது ஆளு தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார் கட்டுரைதானே? என்ன சார் சொல்றீங்க?"

உதவியாளர் என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த முந்திரித் தட்டைப் பார்த்தேன்.

"பல பேர் உதவி செஞ்சாங்க" என்றேன்.

வேலை இன்னொருவருக்குப் போனது. அடுத்த ஆண்டு நீட்டிப்பு ஆணையும் வரவில்லை. அவர் ஊருக்கே போய்விட்டார். உரக்கடையில் வேலை பார்ப்பதாகவும், குத்தகைக்குக் கொடிக்கால் போட்டிருப்பதாகவும் காதில் விழுந்தது. நல்லதுதான், மண்ணோடு தொடர்பு இருக்கிறதே என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். மண்ணோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லாததால் அப்படித் தேற்றிக்கொள்வது சுலபமாக இருந்தது. இதற்குள் என் 'காற்றோட்டம்' துண்டுப் பிரசுரமாக அச்சாகி, படல் பக்கத்துப் படத்தோடு ஊர் ஊராகப் போனது. 'ஓரத்து அகத்தி மரங்களைக் கழித்துக் காற்றோட்டம் ஏற்படுத்துங்கள்.' வெற்றிலைக் கொடி ஏறுவதும் நிழலுக்கு ஒதுங்குவதும் அந்த அகத்தியில்தான்.

ஓய்வு பெற்ற பிறகு கருத்தரங்குக்கு யாரும் கூப்பிடவில்லை. பொழுது நிறைய இருந்தது. முந்திரித் தட்டு அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. வயதானால் பழைய விஷயங்கள்தான் துலக்கமாகத் தெரியும் என்று மருத்துவர் சொன்னார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

போன ஆண்டு மதுரையில் ஒரு கல்லூரியில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்குப் பேச அழைத்தார்கள். தலைப்பு: 'கருத்தரங்குகளை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது எப்படி?' என்னைவிடத் தகுதியான ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. போனேன். பை, இரண்டாவது வரிசை எல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, பெயரை எடுத்ததைச் சொன்னேன். நேர்காணலையும் சொன்னேன். குரல் உடைந்தது. உட்கார்ந்தேன். கைதட்டல் அடங்கவே இல்லை. தொகுப்பாளர் என்னை 'அடக்கத்தின் சிகரம்' என்றார். பொன்னாடை போர்த்தினார்கள். ஜிப் வைத்த பை ஒன்றும் கொடுத்தார்கள். ஒருவருடைய வாழ்க்கையைக் கெடுத்த கதையைச் சொல்லியும் ஒரு கருத்தரங்கிலிருந்து ஆதாயம் பெற முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இது என் பழைய பட்டியலில் இல்லாத நுட்பம்.

யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். நான்காம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"சார், நல்லாருக்கீகளா? 'மற்றும் பலர்' பேசுறேன்."

குரல் மாறவில்லை. தட்டுத் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போடச் சொல்லி எழுதுகிறேன், உங்கள் பெயரை முதல் பெயராகச் சேர்க்கச் சொல்கிறேன் என்றேன்.

"அய்யய்யோ, சேத்துராதீக சார். காத்தோட்டம்னு எழுதுன கட்டுரையில எம் பேரு இருந்தா, ஊர்ல நான் நடமாட முடியுமா?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்கு அம்பது வயசு சார். இனிமே அந்த மார்க்கு எதுக்கு? நீங்க காலேஜுல பேசுனீக, மன்னிப்புக் கேட்டீக, சரி. தண்ணிய எப்ப சொல்லுவீக?"

"எங்கே சொல்லணும்?"

"இங்க வந்து சொல்லுங்க. கொடிக்கால்காரங்க கூட்டம் ஒண்ணு போடுறோம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் பெரியார் நிலையம் போய், அங்கிருந்து சோழவந்தான் பஸ் பிடித்துப் போனேன். ஒரு சிறு கல்யாண மண்டபம், முப்பது பேர். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் பேசுகிறவர்கள் பெயரைப் போட்டிருந்தார்கள். அவருடைய பெயர் முதலில். மூன்று விவசாயிகளின் பெயர்கள் அடுத்து. கடைசியில் 'மற்றும் பலர்'. என் பெயரை இரண்டு முறை தேடினேன். பழக்கதோஷம்.

அவர் ஒரு மணி நேரம் பேசினார். ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியாகத் தண்ணீர் விட்டுப் பார்த்ததை, கரும்பலகையில் மடை வரைந்து காட்டினார். நான் கேட்ட கருத்தரங்குப் பேச்சுகளிலேயே முழுதாகக் கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பிறகு என்னைக் கூப்பிட்டார். எழுந்து, பிரசுரத்தில் நான் எழுதியது தவறு, காற்று இல்லை, தண்ணீர்தான் என்றேன். கொடிக்காலுக்குள் போகாமலே எழுதினேன் என்றும் சொன்னேன்.

முன்னால் இருந்த பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அது எங்களுக்கு அப்பவே தெரியும்ங்கய்யா" என்றார். "அந்தக் காத்தோட்ட நோட்டீசை யாரு மதிச்சா? வெத்தல பொட்டலம் கட்டத்தான் ஆச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட. அப்போது பின்னால் ஒருவர் கையைத் தூக்கினார்.

"நான் மதிச்சேண்ணே" என்றார். என்னிடம் இல்லை, பெரியவரிடம். "காலேஜு சொல்லுதேன்னு ஓரத்து அகத்தி அம்புட்டையும் கழிச்சுவிட்டேன். வெயில் எறங்கி நாலு பாத்தி கருகிப்போச்சு. எங்க வீட்ல இன்னிக்கும் சொல்லிக் காட்டுறா."

"நீதானா மாப்ள அது?" என்று யாரோ கேட்டார்கள். இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கூட்டம் முடிந்ததும் அகத்தியைக் கழித்தவரிடம் போனேன். "வந்து பாக்குறீகளா?" என்றார் அவர். உதவியாளரும் கூட வந்தார்.

படலுக்கு வெளியே செருப்பைக் கழற்றினேன். எனக்கு இடுப்பு வலி என்பதால் உதவியாளர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈர மண் குளிர்ச்சியாக இருந்தது. தலைக்கு மேலே அகத்தி, இரண்டு பக்கமும் பச்சைச் சுவர் போலக் கொடி, நடுவில் ஓர் ஆள் போகும் வழி. வெற்றிலை நோய் நிபுணர், எழுபத்திரண்டு வயதில், முதல் முறையாக ஒரு கொடிக்காலுக்குள் நுழைந்தார். மடைவரை நடந்தோம். தண்ணீர் எங்கே நுழைகிறது, எப்படி இறங்குகிறது என்று உதவியாளர் காட்டினார். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

திரும்பும்போது சாலையோர மூலையில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. புதிதாக வைத்த அகத்திகள் இளசாக நின்றன. மண் வெறுமையாக இருந்தது.

"இது இன்னும் தேறலயா?" என்றேன்.

"மூணு தடவ போட்டும் பிடிக்கல" என்றார் கொடிக்கால்காரர். "வேலைக்கு வர்ற ஆளுககிட்ட எடத்தக் காட்டணும்ல. 'காத்தோட்டத்துக்கிட்ட களை எடு', 'காத்தோட்டத்துல சாப்பாடு வச்சிருக்கேன்'னு சொல்லிச் சொல்லி, அதான் இப்ப இந்த எடத்துக்குப் பேரு."

என்னை மன்னித்தாரா என்று உதவியாளரிடம் நான் கேட்கவில்லை. அவர் என் செருப்பை எடுத்துத் திருப்பி வைத்து, "அஞ்சரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு சார்" என்றார். "விட்டா ஏழு மணிக்குத்தான்."